விழுந்துபோன நாட்களில் சபை ஐக்கியம் எதற்கு? – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இந்தக் கேள்விகளை யாரும் வேதபாட வகுப்பில் கையைத் தூக்கிக் கேட்பதில்லை. ஆராதனை முடிந்து எல்லாரும் கலைந்த பிறகு, அல்லது ராத்திரியில் போனில், தயங்கித் தயங்கித்தான் கேட்கிறார்கள். தொழில் நொடித்தவர்கள், மணவாழ்க்கை முறிந்தவர்கள், ஒரு பாவத்தில் சிக்கி வெளியே சொல்ல முடியாமல் இருப்பவர்கள், ஊழியப் பொறுப்பை இழந்தவர்கள் என்று பலர். வரிசையாகப் படிக்க வேண்டியதில்லை. உங்களுக்கு எது பொருந்துகிறதோ அதற்கு நேராகப் போங்கள். ஒன்றை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். விழுந்ததால் வரும் சேதத்தைவிட, விழுந்த பிறகு சபையை விட்டு ஒதுங்குவதால் வரும் சேதம்தான் பெரும்பாலும் பெரிது.

தவறிப்போன பிறகு சபைக்குப் போக மனமே வரவில்லை. ஏன் இப்படி?

வெட்கம்தான் காரணம். ஏதேன் தோட்டத்தில் ஆதாமும் ஏவாளும் விழுந்த பிறகு செய்த இரண்டாவது காரியமே ஒளிந்துகொண்டது.

இந்த ஒதுங்கல் ஒரே நாளில் நடப்பதில்லை. முதல் ஞாயிறு உடம்பு சரியில்லை என்று தோன்றும். அடுத்த ஞாயிறு வீட்டுக்கு யாரோ வருகிறார்கள். மூன்றாவது வாரம் காரணமே தேவைப்படாது. ஜெபக்குழுவிலிருந்து வரும் அழைப்பை எடுக்காமல் விட்டுவிட்டு, ‘அப்புறம் பேசலாம்’ என்று நினைப்போம். வாட்ஸ்அப்பில் காலை வசனத்துக்கு ‘ஆமென்’ போடுவதும் நின்றுவிடும். இதெல்லாம் ஆன பிறகு மனசுக்குள் ஒரு குற்றச்சாட்டு எழும்: ‘நான் வரவில்லை என்று ஒருவர்கூட விசாரிக்கவில்லையே!’ சபையாரும் அந்த நேரத்தில், ‘அவருக்கு என்ன கஷ்டமோ, தொந்தரவு செய்ய வேண்டாம்’ என்று நாகரிகம் பார்த்துக்கொண்டிருப்பார்கள். இரண்டு பக்கமும் மௌனம். அந்த மௌனத்தில்தான் பலர் காணாமல் போகிறார்கள்.

உங்களுக்கு இப்போது மனம் வராதது இயல்பு. ஆனால் மனம் வந்த பிறகு போகலாம் என்று காத்திருக்காதீர்கள். தனியாக இருக்க இருக்க, போக வேண்டும் என்ற எண்ணம் குறையுமே தவிர கூடாது.

மன்னிக்கிறவர் தேவன். அவரிடம் அறிக்கையிட்டால் போதாதா? மனிதர்கள் நடுவில் எதற்கு?

மன்னிப்புக்கு அது போதும். நம் பாவங்களை அறிக்கையிட்டால் அவர் உண்மையும் நீதியும் உள்ளவராக மன்னிக்கிறார் என்று 1 யோவான் 1:9 சொல்கிறது. அதோடு எதையும் சேர்க்க வேண்டியதில்லை.

ஆனால் தாவீதைப் பாருங்கள். அவனைவிட நன்றாக ஜெபிக்கத் தெரிந்தவன் யார்? பத்சேபாளின் காரியத்தில் விழுந்து, அவள் கணவன் உரியாவைக் கொல்லக் கொடுத்து, அவளை மனைவியாக்கி, பிள்ளையும் பிறந்துவிட்டது. அத்தனை மாதங்களும் அவன் சிங்காசனத்தில் இருந்தான், தீர்ப்புச் சொல்லிக்கொண்டிருந்தான். தேவன் அவனுக்குச் சொப்பனம் கொடுக்கவில்லை, வானத்திலிருந்து சத்தமிடவில்லை. நாத்தான் என்கிற மனுஷனை அவன் வீட்டுக்கு அனுப்பினார். ‘நீயே அந்த மனுஷன்’ என்ற வார்த்தை ஒரு மனித வாயிலிருந்து வந்தது. தாவீது ஒப்புக்கொண்டவுடன், கர்த்தர் உன் பாவத்தை நீக்கிவிட்டார் என்ற செய்தியும் அதே வாயிலிருந்துதான் வந்தது.

நமக்கு நாமே ஆயிரம் தடவை ‘தேவன் மன்னித்துவிட்டார்’ என்று சொல்லிக்கொள்ளலாம். ராத்திரி 2 மணிக்கு அது நிற்பதில்லை. நம் கதை முழுவதையும் கேட்டுவிட்டு, முகம் சுளிக்காமல் நம்மைப் பார்த்து இன்னொருவர் அதைச் சொல்லும்போது அது உள்ளே இறங்குகிறது. யாக்கோபு 5:16 குற்றங்களை ஒருவருக்கொருவர் அறிக்கையிடச் சொல்வது ‘நீங்கள் சொஸ்தமடையும்படிக்கு’. சொஸ்தம் என்று அவர் எழுதியதை நான் அப்படியே எடுத்துக்கொள்கிறேன்.

பேதுருவும் யூதாசும் ஒரே இரவில் விழுந்தார்கள். ஒருவன் எழுந்தான், ஒருவன் எழவில்லை. வித்தியாசம் என்ன?

இந்தக் கேள்விக்கு நிதானமாகப் பதில் சொல்ல ஆசைப்படுகிறேன். ஐக்கியத்தின் மதிப்பு இந்த இரண்டு பேருடைய கதையில் தெரிகிற அளவுக்கு வேறு எங்கும் தெரியவில்லை.

யூதாஸ் வருத்தப்படவில்லை என்று பலர் நினைக்கிறார்கள். மத்தேயு 27-ஆம் அதிகாரத்தைப் படித்தால் அப்படி இல்லை. அவன் மனஸ்தாபப்பட்டான். 30 வெள்ளிக்காசையும் திரும்பக் கொண்டுபோனான். குற்றமில்லாத இரத்தத்தைக் காட்டிக்கொடுத்துப் பாவம் செய்தேன் என்று வாய்விட்டுச் சொன்னான். யாரிடம்? தன்னை விலைக்கு வாங்கிய பிரதான ஆசாரியரிடம். அவர்கள் சொன்ன பதில்: ‘எங்களுக்கென்ன, அது உன்பாடு.’ பாவத்தை அறிக்கையிட்டு வந்த ஒருவனிடம் சொல்லக்கூடிய வார்த்தையில் இதைவிடக் கொடியது இல்லை. காசை எறிந்துவிட்டுத் தனியாகப் போனான். அதோடு முடிந்தது.

பேதுருவும் தனியாகத்தான் வெளியே போய் மனங்கசந்து அழுதான். ஆனால் ஞாயிறு காலையில் மகதலேனா மரியாள் கல்லறையிலிருந்து ஓடி வருகிறாளே, அவள் யாரிடம் வருகிறாள் என்று யோவான் 20:2-ஐப் பாருங்கள். பேதுருவிடமும், இயேசுவுக்கு அன்பான மற்றச் சீஷனிடமும். பேதுரு எங்கே இருப்பான் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. இருவரும் சேர்ந்தே கல்லறைக்கு ஓடினார்கள். அந்த மற்றச் சீஷனை யோவான் என்றே சபை காலங்காலமாகச் சொல்லிவருகிறது. பிரதான ஆசாரியனின் அரண்மனைக்குள் பேதுருவை அழைத்துப்போன சீஷனும் அவர்தான் என்று பலரும் கருதுகிறார்கள். அப்படியானால் அந்த முற்றத்தில் இயேசுவைத் தெரியாது என்று பேதுரு மறுதலித்தது அவருக்குத் தெரியாமல் இருந்திருக்காது. தெரிந்தும் பேதுருவை ஒதுக்கவில்லை.

அப்புறம் யோவான் 21. பேதுரு ‘மீன்பிடிக்கப் போகிறேன்’ என்கிறான். மற்ற ஆறு பேரில் யாரும் அவனுக்குப் புத்தி சொல்லவில்லை, மறுதலித்ததைக் கிளறவும் இல்லை. ‘நாங்களும் உம்முடனேகூட வருகிறோம்’ என்று படவில் ஏறினார்கள். இரவு முழுக்க ஒரு மீன்கூடக் கிடைக்கவில்லை. விடிந்தபோது கரையில் இயேசு நிற்கிறார். கரிநெருப்பு போட்டிருக்கிறார், அதன்மேல் மீன், பக்கத்தில் அப்பம். பேதுரு மறுதலித்ததும் ஒரு கரிநெருப்பின் அருகில் குளிர்காய்ந்துகொண்டிருந்தபோதுதான். ‘என்னை நேசிக்கிறாயா’ என்று மூன்று முறை கேட்பதற்கு முன்னால் எல்லாருக்கும் காலைச் சாப்பாடு நடந்தது. அந்த ஆறு பேர் அன்று இரவு படவில் ஏறாமல் இருந்திருந்தால் பேதுரு தனியாகவே வலை வீசியிருப்பான்.

ஆக, வருத்தம் இருவருக்கும் இருந்தது. பேதுருவுக்குக் கூட ஆட்கள் இருந்தார்கள். அவனுடைய விசுவாசம் ஒழிந்துபோகாதபடி இயேசு முன்கூட்டியே ஜெபித்திருந்தார், அதுதான் அடிப்படை. அந்த ஜெபத்துக்குக் கிடைத்த பதிலில் அந்தச் சகோதரர்களும் ஒரு பங்கு என்றே நான் வாசிக்கிறேன்.

என்னுடையது பாவம் இல்லை, வெறும் தோல்விதான். தொழில் போயிற்று. ஆனால் சபையில் ‘ஏதோ பாவம் இருக்கும்’ என்று பார்க்கிறார்களே?

யோபுவின் சிநேகிதர்கள் இன்னும் உயிரோடு இருக்கிறார்கள், வேறென்ன சொல்ல! ஆனால் அவர்களிடம் நல்லதும் ஒன்று இருந்தது. வந்தவுடன் அவனோடு தரையில் உட்கார்ந்து, 7 நாள் இரவும் பகலும் ஒரு வார்த்தையும் பேசாமல் இருந்தார்கள். அந்த ஒரு வாரம் அவர்கள் செய்தது அருமையான ஊழியம். வாயைத் திறந்து காரணம் கண்டுபிடிக்கத் தொடங்கியபோதுதான் கெட்டது. கடைசியில் தேவனே அவர்கள்மேல் கோபம் கொண்டார்.

தேர்வில் தோற்றது, வேலை போனது, கம்பெனியை மூடியது, வரன் தட்டிப்போனது எல்லாம் ஆவிக்குரிய குற்றங்கள் ஆகிவிடாது. செய்யாத பாவத்துக்கு மனந்திரும்பச் சொல்லி யாராவது நெருக்கினால், மரியாதையாக, ‘நீங்கள் எனக்காக ஜெபித்தால் போதும்’ என்று சொல்லுங்கள். உங்கள் பக்கம் தப்புக்கணக்கோ அவசரமோ இருந்திருந்தால் அதையும் நேர்மையாகப் பாருங்கள். ஒரு தவறான முடிவு எடுத்ததும் பாவம் செய்ததும் ஒன்றல்ல.

யோபுவின் கதை எப்படி முடிகிறது என்பதையும் கவனியுங்கள். அவனுடைய சகோதரர், சகோதரிகள், முன் அறிமுகமானவர்கள் எல்லாரும் வந்து, அவன் வீட்டில் அவனோடு சாப்பிட்டு, ஆளுக்கு ஒரு காசும் ஒரு பொன் ஆபரணமும் கொடுத்தார்கள் (யோபு 42:11). நொடித்துப்போன ஒருவர் மறுபடி தொடங்குவதற்கு ஜெபத்தோடு கொஞ்சம் கைப்பணமும் வேண்டும் என்பது அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது.

யாரிடம் சொல்வது? எவ்வளவு சொல்வது?

எல்லாரிடமும் சொல்ல வேண்டியதில்லை. சபை முன்னால் நின்று சாட்சி சொல்ல வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. அந்தரங்கமாக நடந்ததை அந்தரங்கமாக அறிக்கையிடலாம். சபைக்குத் தெரிந்து நடந்தது என்றால், சபைக்கும் ஏதாவது ஒரு வார்த்தை சொல்ல வேண்டியிருக்கும்.

ஆளைத் தேர்ந்தெடுக்கும்போது ஒன்று பாருங்கள்: இவர் மற்றவர்களுடைய தோல்வியைப் பற்றி உங்களிடம் எப்படிப் பேசியிருக்கிறார்? மற்றவர் கதையை உங்களிடம் சுவைத்துச் சொன்னவர், உங்கள் கதையையும் வேறொருவரிடம் சொல்வார். நன்றாகப் பிரசங்கிக்கிறவர், நீளமாக ஜெபிக்கிறவர் என்பதெல்லாம் இதற்கு அளவுகோல் இல்லை. தானும் ஒரு காலத்தில் நொறுங்கி எழுந்தவர், கேட்கும்போது குறுக்கே பேசாதவர், இப்படி ஒருவர் போதும். ஆண் ஆணிடமும் பெண் பெண்ணிடமும் பேசுவது நல்லது. வாழ்க்கைத்துணைக்குத் தெரிய வேண்டியதை மறைத்துவிட்டு வெளியாளிடம் மட்டும் சொல்லி ஆறுதல் தேடாதீர்கள். அது வேறொரு சிக்கலைக் கொண்டுவரும்.

எவ்வளவு என்றால், நடந்ததைச் சுற்றி வளைக்காமல் பெயர் சொல்லிச் சொல்லுங்கள். ‘நான் கொஞ்சம் பெலவீனமாக இருக்கிறேன், ஜெபியுங்கள்’ என்பது அறிக்கை ஆகாது. கேட்பவருக்கும் ஒன்றும் புரியாது. ‘ஆறு மாதமாக ஆன்லைன் ரம்மியில் பணம் விடுகிறேன், வீட்டுக்குத் தெரியாது’ என்பது அறிக்கை. அதற்காக ஒவ்வொரு காட்சியையும் விவரிக்க வேண்டாம். இதில் சம்பந்தப்பட்ட இன்னொருவருடைய பெயரையும் தேவையில்லாமல் இழுக்க வேண்டாம்.

சொன்னது வெளியே போய்விட்டால்?

இந்தப் பயம் நியாயமானது. ‘அந்தப் பிரதருக்காக ஜெபியுங்கள்’ என்று தொடங்கி முழுக் கதையும் குழுவில் பரவுவது நடக்கிறது. ஜெபக்குறிப்பு என்ற பெயர் வைத்தாலும் அது புறங்கூறுதல்தான். ‘ஆவியில் உண்மையுள்ளவனோ காரியத்தை அடக்குவான்’ என்பது நீதிமொழிகள் 11:13.

சொல்வதற்கு முன்பே கேட்டுவிடுங்கள்: ‘இதை உங்கள் மனைவியிடம்கூடச் சொல்ல வேண்டாம், முடியுமா?’ தயங்கினால் வேறு ஆளைப் பாருங்கள். அப்படியும் வெளியே போய்விட்டால், போன இடத்தில் போய் விளக்கம் சொல்லிக்கொண்டிருக்காமல், சொன்னவரையே தனியாகச் சந்தித்து அவர் குற்றத்தை அவருக்கு உணர்த்துங்கள். மத்தேயு 18:15 காட்டும் முதல் படி அதுதான். ஒருவர் உங்களை ஏமாற்றியதால் ஐக்கியமே வேண்டாம் என்று போய்விடாதீர்கள். நஷ்டம் உங்களுக்கே.

ஜெபிக்கவே முடியவில்லை. விசுவாசமே இல்லாத மாதிரி இருக்கிறது. இந்த நிலையில் போய் உட்கார்வது மாய்மாலம் ஆகாதா?

ஆகாது. இயேசு உயிர்த்தெழுந்த அந்த வாரம் முழுக்கத் தோமாவுக்கு விசுவாசம் இல்லை. கையை இட்டுப் பார்த்தால் ஒழிய நம்பமாட்டேன் என்று அத்தனை பேர் முன்னாலும் சொல்லிவிட்டான். ஆனாலும் 8 நாளைக்குப் பிறகு சீஷர்கள் மறுபடி கூடியிருந்தபோது அவனும் அவர்களோடு உள்ளே இருந்தான். அவர்கள் அவனை வெளியே அனுப்பவில்லை, அவனும் போகவில்லை. கர்த்தர் வந்தது அந்த அறைக்குத்தான்.

திமிர்வாதக்காரனைக் கூரையைப் பிரித்து இறக்கிய நாலு பேரையும் நினைத்துக்கொள்ளுங்கள். மாற்கு 2:5-இல் இயேசு ‘அவர்கள்’ விசுவாசத்தைக் கண்டார் என்று இருக்கிறது. உங்களால் பாட முடியாவிட்டால் மற்றவர்கள் பாடட்டும், உட்கார்ந்து கேளுங்கள். நம்புவதைப்போல நடிக்காதீர்கள். ‘என்னால் முடியவில்லை, நீங்கள் எனக்காக ஜெபியுங்கள்’ என்று சொல்வதும் ஜெபம்தான்.

வீட்டிலிருந்தே ஆன்லைன் ஆராதனை பார்த்தால் போதாதா?

படுக்கையில் இருப்பவர்களுக்கும் போக வழியே இல்லாதவர்களுக்கும் அது வரப்பிரசாதம். விழுந்து ஒளிந்திருக்கும் ஒருவருக்கு அது ஒளிந்துகொள்ள இன்னொரு இடம். திரைக்கு உங்கள் முகம் தெரியாது. நீங்கள் அழுதீர்களா என்று அது கேட்காது.

ஆதித் திருச்சபையில் இப்படி விழுந்தவர்களை எப்படி நடத்தினார்கள்?

ஒரே மாதிரி இல்லை. இதற்காகச் சபை பெரிய சண்டையே போட்டிருக்கிறது.

கி.பி. 250-இல் ரோமப் பேரரசன் தேசியு எல்லாரும் தேவர்களுக்குப் பலியிட்டு அதற்கு அத்தாட்சிச் சீட்டு வாங்க வேண்டும் என்று கட்டளையிட்டான். அப்படிப்பட்ட சீட்டுகள் நாற்பதுக்கும் மேல் எகிப்தில் பாப்பிரஸ் தாள்களாகக் கிடைத்திருக்கின்றன. கிறிஸ்தவர்கள் பலர் மறுத்துச் சிறைக்குப் போனார்கள், செத்தார்கள். பலர் பயந்து பலியிட்டார்கள். வேறு சிலர் பலியிடாமலே காசு கொடுத்துச் சீட்டு வாங்கினார்கள். உபத்திரவம் தணிந்தவுடன் இவர்கள் அழுதுகொண்டு சபை வாசலில் வந்து நின்றார்கள். ரோமில் நோவாத்தியன் என்ற மூப்பர் இவர்களைத் திரும்பச் சேர்க்கக் கூடவே கூடாது என்றார், தனிக்கூட்டமாகப் பிரிந்தும் போனார். கார்த்தேஜின் பேராயர் சிப்பிரியன் கூட்டிய 251-ஆம் வருட சங்கம் நடுவழி எடுத்தது: சீட்டு மட்டும் வாங்கியவர்களை ஒவ்வொருவராக விசாரித்துச் சேர்ப்பது, பலியிட்டவர்கள் நீண்டகாலம் மனந்திரும்புதலில் காத்திருப்பது. பிறகு அடுத்த உபத்திரவம் நெருங்குவதாகத் தெரிந்தபோது, காத்திருந்தவர்களையும் சேர்த்துக்கொண்டார்கள். ஐக்கியத்துக்கு வெளியே நிற்பவன் எந்தப் பெலத்தில் சிறைக்குப் போவான் என்பதே அவர்கள் நியாயம்.

எனக்கு மிகவும் பிடித்தது 6-ஆம் நூற்றாண்டில் இத்தாலியில் பெனடிக்ட் தம் துறவிகளுக்கு எழுதிய ஒழுங்குமுறையில் வருவது. தவறு செய்த சகோதரனை மற்றவர்களோடு சேர்ந்து சாப்பிடாதபடி தள்ளி வைத்திருக்கும்போது, அந்த மடத்தின் தலைவர், விவேகமுள்ள மூத்த சகோதரர் சிலரை அவனிடம் இரகசியம் போல அனுப்ப வேண்டும் என்கிறது 27-ஆம் அதிகாரம். அவர்கள் போய் அவனைத் தேற்ற வேண்டும், அவன் அதிக துக்கத்தில் அமிழ்ந்துபோகக் கூடாது. இந்தக் கடைசி வார்த்தைகள் 2 கொரிந்தியர் 2:7-இல் பவுல் எழுதியவை. கண்டிப்பும் நடக்கிறது, ஆளும் கைவிடப்படவில்லை. நம் சபைகளில் ஒருவரைப் பொறுப்பிலிருந்து நிறுத்தும்போது, அன்று மாலையே அவர் வீட்டுக்குப் போக இரண்டு பேரை நியமிக்கிறோமா?

அதே பாவத்தில் மறுபடி மறுபடி விழுகிறேன். இனி எந்த முகத்தோடு போவேன்?

அதே பெனடிக்டின் ஒழுங்கில், மடத்தை விட்டுப் போனவன் திருந்தி வந்தால் மூன்று தடவை வரை சேர்த்துக்கொள்ளச் சொல்லியிருக்கிறது. இயேசு அதைவிடத் தாராளம்: ஒரே நாளில் ஏழு தரம் வந்து மனஸ்தாபப்பட்டாலும் மன்னிக்கச் சொன்னார் (லூக்கா 17:4).

ஆனால் நடைமுறையில் ஒன்று மாற வேண்டும். விழுந்த பிறகு மட்டும் வந்து சொல்கிற பழக்கத்தை, விழுவதற்கு முன்பே கூப்பிடுகிற பழக்கமாக மாற்றுங்கள். சோதனை எந்த நேரத்தில், எந்த இடத்தில், எந்த மனநிலையில் வருகிறது என்று உங்களுக்குத் தெரியும். அந்த நேரத்தில் போன் செய்ய ஒரு ஆளை ஏற்பாடு செய்துகொள்ளுங்கள்.

இங்கிலாந்தில் மெதடிஸ்த இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லி 1738-லேயே சின்னச் சின்னக் குழுக்களுக்கு விதிகள் எழுதி, போன வாரத்திலிருந்து என்ன பாவம் செய்தீர்கள், என்ன சோதனை வந்தது என்று ஒவ்வொரு வாரமும் கேட்க வைத்தார். 1742-இல் பிரிஸ்டலில் கட்டடக் கடனை அடைக்க, சபையாரைப் பன்னிரண்டு பன்னிரண்டு பேராகப் பிரித்து, வாரம் ஒரு பென்னி வசூலிக்கத் தலைவர்களை வைத்தார்கள். வசூலுக்கு வீடு வீடாகப் போனவர்கள்தான் யார் குடிக்கிறார், யார் வீட்டில் சண்டை என்று கண்டுபிடித்தார்கள். கடன் வசூலுக்கு வந்த ஏற்பாடு ஆத்தும விசாரிப்பாக மாறிவிட்டது. ஒருவர் வீட்டுக்கு வாரம் ஒருமுறை போவதில் எவ்வளவு இருக்கிறது பாருங்கள்!

குடி, போதை, சூதாட்டம் போன்ற அடிமைத்தனம் என்றால் ஜெபக்குழுவோடு மருத்துவச் சிகிச்சையும் வேண்டும்.

திருவிருந்தில் பங்கெடுக்கலாமா?

சபைக்குச் சபை ஒழுங்கு வேறு. உங்கள் போதகரிடமோ குருவிடமோ பேசுங்கள். ஆனால் 1 கொரிந்தியர் 11:28-ஐ முழுசாகப் படியுங்கள். தன்னைத்தானே சோதித்தறிந்து, இந்த அப்பத்தில் புசிக்கும்படி அது சொல்கிறது. சோதித்தறிந்து எழுந்து போய்விடும்படி அது சொல்லவில்லை.

சபையார் பலரிடம் கடன் வாங்கியிருக்கிறேன், திருப்பிக் கொடுக்க முடியவில்லை. எப்படி முகத்தில் விழிப்பது?

கடன் கொடுத்தவரை அதிகம் புண்படுத்துவது பணம் வராததைவிட, நீங்கள் போனை எடுக்காததுதான். எல்லாருடைய பெயரையும் தொகையையும் ஒரு தாளில் எழுதுங்கள். வட்டிக்கு விட்டவர்கள், நகையை அடகு வைத்துக் கொடுத்தவர்கள், சும்மா கொடுத்தவர்கள் என்று பிரியுங்கள். நம்பகமான மூத்தவர் ஒருவரை உடன் வைத்துக்கொண்டு ஒவ்வொருவரையும் நேரில் போய்ப் பாருங்கள். ‘மாதம் இவ்வளவுதான் முடியும்’ என்று, உண்மையிலேயே முடிகிற தொகையைச் சொல்லுங்கள். பெரிய வாக்குறுதி கொடுத்து மறுபடி தவறுவது முன்னதைவிட மோசம். ஆயக்காரனான சகேயு, அநியாயமாக வாங்கியதை நாலத்தனையாகத் திரும்பக் கொடுப்பதாகச் சொன்னான். நீங்கள் ஒரு மடங்கையாவது சிறுகச் சிறுகக் கொடுங்கள். ஒரு கடனை அடைக்க சபையில் இன்னொருவரிடம் கைநீட்டாதீர்கள்.

ஊழியக்காரரே விழுந்தால்? அவரையும் சேர்த்துக்கொள்ள வேண்டுமா?

ஐக்கியத்தில் சேர்ப்பதும் பொறுப்பில் வைப்பதும் இரண்டு வேறு காரியங்கள். மனந்திரும்பும் எவருக்கும் ஐக்கியத்தின் கதவு திறந்திருக்கும். பிரசங்க பீடமும் காணிக்கைப் பெட்டியும் சிறுபிள்ளைகளின் வகுப்பும் அப்படி அல்ல. சில பொறுப்புகள் திரும்பவே கிடைக்காது, அதில் அநியாயம் ஒன்றும் இல்லை.

இன்னொருவருக்குத் தீங்கு நடந்திருந்தால், முக்கியமாக ஒரு பிள்ளைக்கோ பெண்ணுக்கோ நடந்திருந்தால், அது சபைக்குள் ஜெபித்து முடிக்கிற விஷயமே கிடையாது. போலீசுக்குப் போக வேண்டும். பாதிக்கப்பட்டவரைப் பார்த்து ‘மன்னித்துவிடு, சபையின் பெயர் கெடும்’ என்று சொல்வது கிருபை அல்ல, கொடுமை. அந்த நேரத்தில் ஐக்கியம் முதலில் நிற்க வேண்டியது அவர் பக்கத்தில்.

வாழவே பிடிக்கவில்லை. இதை சபையில் சொல்லலாமா?

சொல்லுங்கள். இன்றைக்கே, இப்போதே யாராவது ஒருவருக்குப் போன் செய்து, ‘இன்று ராத்திரி என்னோடு இரு’ என்று கேளுங்கள். கூடவே மருத்துவரையோ தற்கொலைத் தடுப்பு உதவி எண்ணையோ அணுகுங்கள். இது விசுவாசக்குறைவு இல்லை.

எலியா பெயெர்செபாவில் தன் வேலைக்காரனை விட்டுவிட்டுத் தனியாக வனாந்தரத்துக்குப் போய்த்தான் ‘போதும் கர்த்தாவே’ என்று சாவைக் கேட்டான். தேவன் அவனைக் கண்டிக்கவில்லை. தூங்க விட்டார், தழலில் சுட்ட அடையும் தண்ணீரும் கொடுத்தார், மறுபடி தூங்க விட்டார். பிறகு, பாகால் என்ற விக்கிரகத்துக்கு முழங்கால் முடங்காத 7000 பேர் இருக்கிறார்கள் என்று சொல்லி, கூட இருக்க எலிசாவையும் கொடுத்தார்.

இப்படி ஒருவர் உங்களிடம் சொன்னால் வசனம் தேடாதீர்கள். பக்கத்தில் போய் இருங்கள், தனியாக விடாதீர்கள், மருத்துவரிடம் நீங்களே கூட்டிக்கொண்டு போங்கள்.

எங்கள் சபையில் ஒருவர் விழுந்துவிட்டார். நாங்கள் என்ன செய்வது?

கலாத்தியர் 6:1 சாந்தமுள்ள ஆவியோடே சீர்பொருந்தப்பண்ணச் சொல்கிறது. விலகிய எலும்பை மறுபடி பொருத்துகிற கை எவ்வளவு நிதானமாக இருக்குமோ அவ்வளவு நிதானம் வேண்டும்.

முதல் வாரத்திலேயே போங்கள். ‘உங்களைக் காணோமே என்று வந்தேன்’ என்பது போதுமான முகவுரை. என்ன நடந்தது என்று துருவ வேண்டாம், அவர் சொன்னால் கேளுங்கள். ‘எல்லாம் நன்மைக்கே’, ‘நான் அப்போதே சொன்னேனே’ இரண்டையும் சொல்லாதீர்கள். ‘ஏதாவது உதவி வேண்டுமானால் சொல்லுங்கள்’ என்று விட்டுவிடாமல், வியாழக்கிழமை சாயங்காலம் நான் வந்து பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிறேன் என்று நாள் குறித்துச் சொல்லுங்கள். அவருடைய மனைவியையோ கணவரையோ மறந்துவிடாதீர்கள். தவறே செய்யாமல் அதே வெட்கத்தைச் சுமப்பவர்கள் அவர்கள்.

முதல் மாதம் எல்லாரும் வருவார்கள். ஆறாவது மாதமும் போகிறவர்தான் வேண்டும்.

இழந்த நம்பிக்கையை மறுபடி பெற முடியுமா?

காலம் எடுக்கும். மாற்கு என்னும் யோவான் பம்பிலியாவில் பாதி வழியில் பவுலையும் பர்னபாவையும் விட்டுத் திரும்பிப்போனான். அடுத்த பயணத்துக்கு அவனைக் கூட்டிப்போகலாமா என்ற கேள்வியில் அந்த இரண்டு பெரியவர்களும் கடுமையாக மோதிப் பிரிந்தார்கள். பவுல் வேண்டாம் என்றார். பர்னபா அவனைக் கூட்டிக்கொண்டு கீப்புரு (சைப்பிரஸ்) தீவுக்குக் கப்பலேறினார். மாற்கு அவருக்குச் சொந்தக்காரன் என்பதும் உண்மைதான். ஆனால் எருசலேமில் எல்லாரும் பயந்து ஒதுக்கிய சவுலையும் (பின்னாளில் பவுல்) இதே பர்னபாதான் கைபிடித்து அப்போஸ்தலரிடம் அழைத்துப்போனவர். கீப்புருவில் என்ன நடந்தது என்று அப்போஸ்தலர் நடபடிகளில் ஒரு வரிகூட இல்லை. வருடங்கள் கழித்துச் சிறையிலிருந்து பவுலே தீமோத்தேயுவுக்கு எழுதுகிறார்: மாற்குவை உன்னோடே கூட்டிக்கொண்டு வா, ஊழியத்தில் அவன் எனக்குப் பிரயோஜனமுள்ளவன்.

எல்லாரும் உங்களை ஒரே நேரத்தில் நம்பிவிட மாட்டார்கள். பவுல் அப்போது நம்ப மறுத்ததைக் குற்றம் என்றும் சொல்வதற்கில்லை. ஒரு பர்னபா கிடைத்தால் அவரோடு கிளம்பிவிடுங்கள்.

ரொம்ப நாள் கழித்துத் திரும்பப் போகிறேன். முதல் ஞாயிறு எப்படி?

முந்தின நாளே ஒருவருக்குப் போன் செய்து, நாளைக்கு வருகிறேன், வாசலில் நில்லுங்கள், உங்கள் பக்கத்தில் உட்கார்கிறேன் என்று சொல்லிவிடுங்கள். ‘எங்கே இத்தனை நாளாக ஆளையே காணோம்?’ என்று நாலு பேராவது கேட்பார்கள். பெரும்பாலும் பாசத்தில்தான் கேட்பார்கள், குத்தலாக எடுத்துக்கொள்ளாதீர்கள். ‘கொஞ்சம் கஷ்டமான காலம், இப்போது வந்துவிட்டேன்’ என்பது உண்மையான பதில். அதற்குமேல் யாருக்கும் நீங்கள் விளக்கம் சொல்ல வேண்டியதில்லை. ஆசீர்வாதம் முடிந்தவுடன் ஓடிவிடாமல் ஒரு பத்து நிமிடம் நில்லுங்கள். அடுத்த வாரத்துக்குள் யாராவது ஒருவர் வீட்டுக்குக் கூப்பிட்டால் சாக்குச் சொல்லாமல் போங்கள்.